விருந்தினர்க்கு ஒரு தனிச் சாவி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

சங்க மேடையில் ஏறி இலக்கியச் சுவையை எடுத்துரைக்கத் தக்க புலவர்கள் இவ்வவையில் பலர் அமர்ந்திருக்கின்றனர். நானோ மெட்ரிகுலேஷன் தேறிய அளவில் கல்வியை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்து வருபவன். எனக்குத் தெரிந்தவை பேரேடும், பயணச்சீட்டும், கணினியுமே. ஆதலின் அம்மூன்றையும் விட்டு அகலாமல், நம் வீடுகளுக்குப் பயன்படும் செய்தி ஒன்றைப் பேச விழைகின்றேன். வீட்டுக் கணினியில் விருந்தினர்க்கெனத் தனிக் கணக்கு ஒன்று அமைத்து வைப்பதே அச்செய்தி. கணக்கு என்றவுடன் வட்டிக் கணக்கோ வங்கிக் கணக்கோ என எண்ண வேண்டா. கணினிக்குள் ஒருவர் தம் பெயரைச் சொல்லி நுழைந்து, தம் பொருள்களை வைத்துப் புழங்குவதற்கு உரிய தனி இடத்தையே இங்குக் கணக்கு என்கிறேன்.

பெங்களூரில் வாழும் தமிழர் வீடுகளில் விருந்தினர் வரவுக்குக் குறைவே இல்லை. காவேரி விரைவு வண்டியில் சென்னைப் பக்கத்தினர் வருகின்றனர். மயிலாடுதுறை வழியாக மைசூர் செல்லும் வண்டியில் தஞ்சை, கும்பகோணத்து உறவினர் வருகின்றனர். வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று வரும் பிள்ளைகள் ஒருபுறம். நிமான்ஸுக்கும் கித்வாய்க்கும் சிகிச்சைக்கென வரும் முதியோர் ஒருபுறம். அக்காலத்தில் வந்தவர்க்குப் பாயும் தலையணையும், குளிக்க வெந்நீரும், உண்ணச் சோறும் கொடுத்தால் போதும். இக்காலத்திலோ, வந்தவர் காப்பி குடித்துக் கிண்ணத்தைக் கீழே வைக்குமுன், "தம்பி, உங்கள் கம்ப்யூட்டரைச் சற்றுப் போடு, ஒரு மெயில் பார்க்க வேண்டும்" என்கின்றார். நாமும் மறுப்பதில்லை. நம் பெயரில் திறந்து கிடக்கும் கணினியின் முன் அவரை அமர்த்திவிட்டு, நம் வேலையைப் பார்க்கச் சென்றுவிடுகின்றோம். இதில் என்ன கேடு வந்துவிடப் போகின்றது என்று நீங்கள் கேட்கலாம்.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்கின்றேன். பெயரும் ஊரும் வேண்டா. சித்தப்பா முறையினர் ஒருவர், உடம்பில் கண்ட ஒரு கட்டிக்காகச் சோதனை செய்துகொள்ள இந்நகருக்கு வந்தார். சோதனையின் முடிவு மின்னஞ்சலில் வந்தது. வீட்டுக் கணினியில் அதைத் திறந்து படித்தார். ஒருவரிடமும் ஒன்றும் கூறாமல் இரவு வண்டிக்குப் புறப்பட்டார். மகளுக்குத் திருமணம் நடக்கப் பத்தே நாள் இருந்தது. அது முடிந்த பின்னர் மனைவியிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். மறுநாள் அவ்வீட்டுப் பள்ளிச் சிறுவன் தன் பாடத்தாள் ஒன்றைத் தேடியபோது, கணினியில் தங்கிவிட்ட அந்த அறிக்கை அவன் கண்ணில் பட்டது. இது என்ன என்று தாயிடம் காட்டினான். தாய் பதறினார், அழுதார், ஊரிலிருந்த தம் தமக்கைக்குத் தொலைபேசியில் சொன்னார். அன்று மாலைக்குள் செய்தி தெரு முழுவதும் பரவி, மாப்பிள்ளை வீட்டாரின் வாசலையும் எட்டிவிட்டது. திருமணம் எப்படியோ நடந்தேறியது. நோயும் சிகிச்சையால் தணிந்தது. ஆயினும் அப்பெரியவர் மீண்டும் அவ்வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

இதில் யாரைக் குறை கூறுவது? சிறுவன் ஒற்றறியச் செல்லவில்லை. தாய் புறம் பேசவில்லை; பாசத்தால் பதறினார். பெரியவரும் பிழை ஒன்றும் செய்தாரல்லர். தம் பொருளை வைத்துக்கொள்ளத் தமக்கென ஓர் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே. விருந்தினர்க்குத் தனிக் கணக்கு என்று சொன்னால், "உறவினரை நம்பாமல் கதவடைப்பதா?" என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். அவர்கட்கு நான் சொல்லும் விடை இதுதான்: அக்கணக்கு நம்மைக் காப்பதைக் காட்டிலும் விருந்தினரையே மிகுதியாகக் காக்கின்றது.

வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அந்நெறியில் வாழ்ந்த நம் முன்னோர் வீடு கட்டியபோது, உள்ளே கூடமும் அறையும் அமைத்ததோடு நிற்கவில்லை. வெளியே திண்ணை ஒன்றையும் அமைத்தனர். வழிப்போக்கன் அங்கே அமரலாம், படுக்கலாம், எவரையும் எழுப்பாமல் விடியலில் புறப்பட்டும் போகலாம். நம் நகரத்திலேயே, இருப்புப்பாதை நிலையத்திற்கு அருகில், குப்பி தோட்டதப்பா அவர்களின் தருமச் சத்திரம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சத்திரத்தில் தங்குபவருக்கு ஓர் அறை உண்டு. அவர் மூட்டையை வைத்துப் பூட்ட ஒரு சாவி உண்டு. புறப்படும் நாளில் அறையைக் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுக்கின்றார். வந்தவனை நம்பாமையால் யாரும் சத்திரத்து அறைக்குச் சாவி வைக்கவில்லை. வந்தவன் நிம்மதியாக உறங்க வேண்டும் என்றே வைத்தார்கள். கணினியில் நாம் அமைக்கும் விருந்தினர் கணக்கும் அத்தகைய அறையே ஆகும்.

என் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். முன்பதிவு நிலையத்தில் ஒரே சாளரத்தில், ஒரே கணினியின் முன், காலையில் ஓர் எழுத்தரும் பிற்பகலில் மற்றோர் எழுத்தரும் அமர்கின்றனர். இயந்திரம் ஒன்றுதான், நாற்காலியும் ஒன்றுதான். ஆயினும் முறை மாறும்போது முன்னவர் தம் பெயரை முடித்துவிட்டு எழ, பின்னவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டுத்தான் அமர்கின்றார். எத்தனை ஆண்டு நட்பாயினும் ஒருவர் பெயரில் மற்றவர் சீட்டுக் கொடுப்பதில்லை. ஏனெனில் மாலையில் பணத்தை எண்ணும்போது, எந்தச் சீட்டு எவர் பெயரில் வெளிவந்ததோ அவரே அத்தொகைக்குப் பொறுப்பாளி. இந்த ஒழுங்கு இருப்பதனால் எங்களுக்குள் நட்பு குறைந்ததில்லை. உண்மையில் நட்பு நிலைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

ஒரு கணினியைப் பலர் பயன்படுத்தும்போது ஒவ்வொருவர்க்கும் தனி இடம் வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். ஒருவர் கோப்பை மற்றவர் பாராதிருக்க அங்கே கடவுச்சொல் பயன்பட்டது. மறு ஆண்டே ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார்! பூட்டு பிறந்த மறு ஆண்டே கள்ளச் சாவியும் பிறந்துவிட்டது என்க.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் என்.டி.யில், மேலாளர் கணக்கோடு 'கெஸ்ட்' என்னும் விருந்தினர் கணக்கும் உடன் அமைந்திருந்தது. 2001ஆம் ஆண்டின் விண்டோஸ் எக்ஸ்.பி. அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த வசதி வழக்கமான அமைப்புகளிலிருந்து மறைந்துவிட்டது. ஆகவே இன்று அதை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

தொலைதூரத்துக் கதை ஏன்? நம் பெங்களூரிலேயே இவ்வெண்ணத்துக்கு ஓர் அழகிய உருவம் கிடைத்தது. டாட்டா இன்ஸ்டிடியூட் என்று நம் முதியோர் வழங்கும் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய பேராசிரியர்கள், என்கோர் நிறுவனத்தாரோடு சேர்ந்து, 1999ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளை அமைத்து, சிம்ப்யூட்டர் என்னும் கைக்கணினியை உருவாக்க முற்பட்டனர். அதன் மாதிரி 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியாயிற்று. ஏழை எளியோர் தனித்தனியே கணினி வாங்க இயலாது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஆகவே ஊருக்குப் பொதுவாக ஒரு கருவி. ஆளுக்கு ஒரு சிறிய அட்டை. தம் அட்டையைச் செருகினால் அவர் செய்திகள் திறக்கும். அட்டையை எடுத்துக்கொண்டு போனால் அவையும் அவரோடு போய்விடும். 2004ஆம் ஆண்டில் அமிடா சிம்ப்யூட்டர் என்னும் பெயரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அதனைத் தயாரித்தது. எதிர்பார்த்த அளவில் அது விற்பனையாகவில்லை. கையடக்கத் தொலைபேசிகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எனினும் கருவி பொதுவாயினும் மனிதனின் அந்தரங்கம் பொதுவாகாது என்று அன்று அப்பேராசிரியர்கள் வகுத்த நெறி, இன்று ஒரு கணினியை ஐவர் பகிரும் நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்துகின்றது.

இனி, செய்முறைக்கு வருவோம். தாய்மார்களும் எளிதிற் செய்யலாம். ஐந்து நிமிட வேலையே.

முதற்கண், வீட்டாரின் கணக்குக்குக் கடவுச்சொல் இருக்கின்றதா என்று பாருங்கள். உள்ளறைக்குப் பூட்டே இல்லாதபோது விருந்தினர்க்குத் தனி அறை கட்டி என்ன பயன்? அக்கடவுச்சொல்லைக் கணினியின் மேல் துண்டுத்தாளில் எழுதி ஒட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

அடுத்து, விண்டோஸ் 11 உள்ள கணினியில் செட்டிங்ஸ் என்னும் பகுதியைத் திறந்து, அக்கவுண்ட்ஸ் என்பதை அழுத்தி, அதனுள் அதர் யூசர்ஸ் என்பதற்குச் செல்லுங்கள். அங்கே ஆட் அக்கவுண்ட் என்று இருக்கும். அதை அழுத்தியதும் புதியவரின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும். கொடுக்க வேண்டா. அவர் விவரம் தம்மிடம் இல்லை என்று கூறும் வரி கீழே இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த பக்கத்தில் மைக்ரோசாப்ட் கணக்கு இல்லாமலே ஒருவரைச் சேர்க்க வழி காட்டும் வரி வரும், அதையும் தேர்ந்தெடுங்கள். பின்னர் ஒரு பெயர் இடுங்கள். கெஸ்ட் என்னும் பெயரைக் கணினி தனக்கென வைத்துக்கொண்டிருப்பதால் அதை ஏற்காது. ஆங்கில எழுத்தில் 'விருந்து' என்றே இடலாம். எளிய கடவுச்சொல் ஒன்றும், மறந்தால் கேட்பதற்கு மூன்று கேள்விகளுக்கு விடையும் தந்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் 10 வைத்திருப்போர்க்கும் ஏறத்தாழ இதே வழிதான்; ஆனால் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு அதற்குரிய பொது ஆதரவு முடிந்துவிட்டதை மறவாதீர்கள்.

இவ்வாறு அமையும் கணக்குக்குச் சாதாரணப் பயனர் என்னும் நிலைதான் கிடைக்கும். மேலாளர் நிலைக்கு அதை உயர்த்த வேண்டா. சாதாரண நிலையில் இருப்பவர், கணினி முழுவதையும் மாற்றும் நிரல்களை உங்கள் கடவுச்சொல் இன்றி நிறுவ இயலாது. உங்கள் கணக்கிலுள்ள கோப்புகளையும் திறக்க இயலாது. தெரியாமல் ஏதேனும் தீய இணைப்பை அழுத்திவிட்டாலும் சேதம் பெரும்பாலும் அந்த அறையோடு நிற்க வாய்ப்புண்டு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். நம்மவர் பலர் குடும்பப் புகைப்படம், பத்திரம், சான்றிதழ் அனைத்தையும் 'டி டிரைவ்' என்னும் பகுதியில் போட்டு வைக்கின்றனர். அது பொதுக் கூடம் போன்றது. வழக்கமான அமைப்பில், கணினியில் கணக்கு உள்ள எவரும் அதைத் திறக்கலாம், மாற்றலாம். ஆகவே முக்கியமானவற்றை உங்கள் கணக்கிலுள்ள டாக்குமெண்ட்ஸ் என்னும் அறைக்குள் மாற்றிவிடுங்கள். இரண்டாவது, மேலாளர் நிலையில் இருப்பவர் நினைத்தால் விருந்தினர் கணக்கையும் திறந்து பார்க்க முடியும். அந்த இடத்தில் பூட்டு நம்மைத் தடுக்காது. பண்புதான் தடுக்க வேண்டும். சத்திரத்து மேலாளரிடம் எல்லா அறைக்கும் மாற்றுச் சாவி இருக்கின்றது. அதற்காக அவர் விருந்தினர் மூட்டையை அவிழ்ப்பதில்லை.

விருந்தினர் ஊருக்குப் புறப்படும் நாளில், அவருக்கு வேண்டிய கோப்புகளை எடுத்துக்கொண்டாரா என்று கேளுங்கள். பின்னர் அதே அதர் யூசர்ஸ் பகுதியில் அக்கணக்கை நீக்கிவிடுங்கள். கணக்கையும் அதிலுள்ளவற்றையும் சேர்த்து அழிப்பதாகக் கணினி சொல்லும், சம்மதம் தாருங்கள். அடுத்தவர் வரும்போது புதிதாக அமைத்துக்கொள்ளலாம். நான் சொன்ன பெரியவர்க்கு இவ்வறை கிடைத்திருக்குமானால், அந்த அறிக்கை சிறுவன் கண்ணில் பட்டிராது. அவர் வண்டி ஏறிய இரவே அழிந்தும் போயிருக்கும்.

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினி வைத்திருப்போர்க்கு வேலை இன்னும் எளிது. அதில் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் என்னும் பகுதியில் கெஸ்ட் யூசர் என்பதை இயக்கிவிட்டால் போதும். விருந்தினர் வெளியேறியவுடன் அவர் விட்டுச் சென்றவை தாமே அழிந்துவிடும். கைப்பேசிகளிலும் ஆண்ட்ராய்டு வகையில் பலவற்றுக்கு விருந்தினர் நுழைவு உண்டு. எல்லா நிறுவனத்தாரும் அதைத் தருவதில்லை. ஒரே ஒரு மின்னஞ்சல் பார்க்க வேண்டும் என்று அவசரமாகக் கேட்பவர்க்கு, குரோம் உலாவியில் கெஸ்ட் என்னும் தனிச் சாளரத்தைத் திறந்து கொடுக்கலாம். அதை மூடியதும் அவர் சென்று பார்த்த பக்கங்களின் சுவடு கணினியில் தங்காது. ஆனால் அவர் இறக்கிக்கொண்ட கோப்பு அப்படியே இருக்கும். அதைத் தேடி அழிக்கத்தான் வேண்டும்.

பயணச்சீட்டைப் பற்றியும் ஒரு சொல். திரும்பும் வண்டிக்குச் சீட்டு எடுக்க விருந்தினர் தம் ஐ.ஆர்.சி.டி.சி. பெயரை நம் கணினியில் இடுகின்றார். கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கணினி கேட்க, அவரும் ஆம் என்று அழுத்திவிடுகின்றார். 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து, இணையவழித் தட்கல் சீட்டு எடுப்பதற்கு ஆதாரால் உறுதி செய்யப்பட்ட பயனர் கணக்கு வேண்டும் என்று விதி வந்துள்ளது. ஆகவே அக்கணக்கு இன்று வெறும் பெயரன்று. அவருடைய அடையாளமே அதனோடு பிணைந்திருக்கின்றது. அதை இன்னொருவர் வீட்டில் விட்டுச் செல்வது வீட்டுச் சாவியை விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.

இளைஞர்கட்கு ஒரு வேண்டுகோள். இந்நகரின் நிறுவனங்களில் வேலை பார்க்கும் நீங்கள் அலுவலக மடிக்கணினியை வீட்டிற்குக் கொண்டு வருகின்றீர்கள். அது உங்கள் உடைமையன்று. அதில் விருந்தினர்க்குக் கணக்கு அமைக்கவும் கூடாது. தாய்மாமனே கேட்டாலும் கொடுக்கவும் கூடாது. அலுவலகப் பெட்டகத்தின் சாவியை எழுத்தன் உறவினரிடம் கொடுப்பானோ? "மாமா, இது கம்பெனிப் பொருள், உங்களுக்கென வீட்டுக் கணினியில் இடம் வைத்திருக்கின்றேன், வாருங்கள்" என்று அன்போடு அழைத்துச் செல்லுங்கள்.

அழைக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கின்றது. "என்னுடையதைத் தொடாதீர்கள்" என்று சொன்னால் உறவு முறியும். "அத்தை, இது உங்கள் இடம், இதில் நீங்கள் வைப்பதை வீட்டார் யாரும் திறக்க மாட்டோம், நீங்கள் ஊருக்குப் போனதும் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். அத்தையின் முகம் மலரும். தமக்கென இலை போட்டுப் பரிமாறுவதைப் போலவே அவர் அதை ஏற்றுக்கொள்வார்.

நாமே ஒரு காலத்தில் மூட்டை முடிச்சுகளோடு இந்நகரத்தில் வந்து இறங்கியவர்களின் மக்கள். நம் பாட்டனார்க்கு முதலில் தங்க இடம் கொடுத்தவர் யாரோ ஓர் உறவினர். அல்லது கன்னடம் பேசும் ஓர் அண்டை வீட்டார். அவர்கள் கொடுத்தது பெரிய மாளிகையன்று. தம் பெட்டியை வைத்துப் பூட்டிக்கொள்ள ஒரு மூலை. அந்த மூலையில் பாட்டனாரின் மானம் பத்திரமாக இருந்தது. நம்மிடம் வருவோர்க்கு அத்தகைய ஒரு மூலையை நம் கணினியிலும் ஒதுக்குவோம். இன்று இரவு வீடு திரும்பியதும் ஐந்து நிமிடம் செலவிட்டு அக்கணக்கை அமைத்துவிடுங்கள். செய்முறையில் ஐயம் எழுமாயின், ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அறைக்கு வாருங்கள். உடனிருந்து செய்து தரக் காத்திருக்கின்றேன்.